ஓஎஸ் இலவசம், ஆளுக்கு எங்கே போவது?

புனேவை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பேட்டைக்கு வியாழக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஊரே ஓய்ந்திருக்கும்போது இங்கே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். வியாழன் வந்தால் தெருக்கள் வெறிச்சோடிவிடும். பட்டறைகளில் ஒயரிங், பெயின்டிங், கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று உற்பத்தியோடு சேராத வேலை எதுவானாலும் வியாழனுக்குத்தான் தள்ளிவைப்பார்கள்.

2025 அக்டோபர் 16 அப்படியொரு வியாழன். தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. நிக்டியிலிருந்து தளவடே போகிற சாலையில், ரூபிநகரைத் தாண்டி உள்ள நண்பரின் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். திருச்சி பெல்லில் அப்பரன்டிஸ் முடித்துவிட்டுத் தொண்ணூறுகளில் இங்கே வந்தவர் அவர். உலோகம் வெட்டும் கணினி இயந்திரங்கள் மூன்று (இரண்டு விஎம்சி, ஒரு டர்னிங் சென்டர்), பதினோரு தொழிலாளர்கள். நான் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் ஐடி பிரிவில் இருபது ஆண்டு இருந்தவன் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் இந்த மாதிரிப் பஞ்சாயத்துகளுக்கு என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பஞ்சாயத்து இதுதான்: இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 14 செவ்வாய்க்கிழமையோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பட்டறையில் இருந்த ஐந்து கணினிகளில் மூன்றில் ஓடுவது விண்டோஸ் 10.

“அண்ணே, நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னைக்கும் ஓடுது. அப்புறம் எதுக்கு மாத்தணும்?” என்றார் நண்பர். போனஸ் கொடுக்க வேண்டிய வாரத்தில் ஒரு சிறுதொழில் முதலாளி வேறு என்ன கேட்பார்?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆதரவு முடிந்துவிட்டது என்பதற்காகக் கணினி நின்றுவிடாது. கதவு அப்படியேதான் இருக்கும். பூட்டில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க இனி யாரும் வரமாட்டார்கள், அவ்வளவுதான். 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வருவதற்குச் சற்று முன்பு, இனி புதிய பதிப்பே கிடையாது, இதுதான் கடைசி விண்டோஸ் என்று மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரே மேடையில் பேசினார். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. அதற்கு மதர்போர்டில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை புராசசராவது வேண்டும். நண்பரின் மூன்று கணினிகளும் ஆறாம் தலைமுறை. நன்றாக ஓடுகிற இயந்திரங்கள்தான், ஆனால் விண்டோஸ் 11 அவற்றை உள்ளே சேர்க்காது. இப்படி உலகம் முழுவதும் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணக்குப் போட்டது.

ஒரு தாளை எடுத்து இரண்டு பேரும் கணக்குப் பார்த்தோம். வீட்டுக் கணினி என்றால் மைக்ரோசாஃப்ட் ஓராண்டு சலுகை கொடுத்திருந்தது. 30 டாலர் கட்டலாம்; அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, கணினியின் அமைப்புகளை அவர்களுடைய சேமிப்பகத்தில் ஏற்றிவைத்தால் இலவசம். 2026 அக்டோபர் 13 வரை ஓட்டை அடைத்துத் தருவார்கள். தொழில் நிறுவனத்துக்கு அந்தச் சலுகை இல்லை. முதல் ஆண்டு கணினிக்கு 61 டாலர், அடுத்த ஆண்டு அதன் இரு மடங்கு, மூன்றாம் ஆண்டு அதற்கும் இரு மடங்கு. கூட்டினால் ஒரு கணினிக்கு 427 டாலர். மூன்று கணினிக்கு மூன்று வருடத்தில் ஒரு லட்ச ரூபாய் தாண்டிவிடுகிறது. எட்டாம் தலைமுறை பழைய கணினியைச் சந்தையில் வாங்கினால் இதைவிட மலிவு. அதாவது, புதுசு வாங்க வைப்பதற்கென்றே வைத்த விலை இது.

இன்னொரு பக்கம் லினக்ஸ். உபுண்டு நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு ஆதரவு இலவசம். தனிநபர் என்றால் ஐந்து கணினி வரை பத்தாண்டுக்கும் இலவசமாகவே நீட்டித்துக் கொடுக்கிறார்கள். லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை கவலை இல்லை. ஆறாம் தலைமுறை என்ன, அதற்கும் பழைய கணினியிலும் ஓடும். தாளில் அந்தப் பத்திக்கு நேராகப் பூஜ்யம் போட்டேன்.

நண்பர் தாளைப் பார்த்தார். “சரிண்ணே. ராத்திரி எட்டு மணிக்கு இது மக்கர் பண்ணா யாரு வருவா?”

என்னிடம் பதில் இல்லை. இருபது ஆண்டுகளாக நான் படித்த இயங்குதள ஒப்பீட்டுக் கட்டுரைகள் எதிலும் அதற்குப் பதில் இல்லை.

*

நிக்டிக்கு அடுத்த ஊர் ஆகுர்டி. பஜாஜ் ஆட்டோவின் தொழிற்சாலை அங்கேதான். 1972-ல் வந்த சேத்தக் ஸ்கூட்டரை நம் ஊரில் ஒரு தலைமுறையே ஓட்டியது. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஒரு பக்கம் சாய்த்துவிட்டு நிமிர்த்தி உதைக்க வேண்டும் என்பது மேனுவலில் படித்துத் தெரிந்துகொண்டதல்ல; பக்கத்து வீட்டு மாமா சொல்லிக்கொடுத்தது. காரைக்குடியில் பழுதானாலும் கராடில் பழுதானாலும் அரை கிலோமீட்டருக்குள் ஒரு மெக்கானிக் இருந்தார். கிளட்ச் கேபிள் சைக்கிள் கடையில்கூடக் கிடைத்தது. அந்த மெக்கானிக்குகள் யாருக்கும் பஜாஜ் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால் வண்டியை விற்றதே அவர்கள்தான் என்பேன்.

விண்டோஸ் இந்தியாவில் சேத்தக் ஸ்கூட்டர் மாதிரிதான். நம்மில் எத்தனை பேர் மைக்ரோசாஃப்டின் உதவி எண்ணுக்கு ஒருமுறையாவது அழைத்திருப்போம்? நமக்கு ‘சப்போர்ட்’ என்றால் தெருமுனைக் கடைப் பையன், அலுவலகத்தில் ஏதாவது தெரிந்த ஒருவர், இன்ஜினியரிங் படிக்கிற அக்கா மகன். பென்டிரைவோடு வருவார்கள், ‘ஃபார்மட் அடித்து’ ஓஎஸ் போட்டுவிட்டு டீ குடித்துப் போவார்கள். நிறுவனம் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் அதற்கு நாடு முழுக்க ஒரு சேவைப் படை கிடைத்துவிட்டது. ஆகவே ஆதரவு இலவசம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இலவசம்தான், ஆனால் அதைக் கொடுப்பது அக்கம்பக்கத்து ஆட்கள்.

அந்தப் படைக்குச் சோறு போட்டதில் அரசுகளுக்கும் பெரிய பங்கு உண்டு. மகாராஷ்டிரத்தில் 2001-ல் எம்எஸ்-சிஐடி என்றொரு கணினிப் படிப்பு தொடங்கியது. மாநில அரசு வேலைக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம் ஆனதால் லட்சக்கணக்கானோர் படித்தார்கள். எம்எஸ் என்றால் மகாராஷ்டிர ஸ்டேட், மைக்ரோசாஃப்ட் அல்ல. ஆனால் பாடம் விண்டோஸ், வேர்ட், எக்செல். நிக்டி, சிஞ்ச்வட், கிராமத்துத் தாலுகா தலைநகர் என்று எங்கே பார்த்தாலும் அந்தப் பயிற்சி மையத்தின் பலகை தொங்கும். தமிழ்நாட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் லோயர், ஹையரோடு சேர்த்து ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழுக்கும் ஆள் தயார் செய்ததைப் போலத்தான். மக்கள் கட்டிய பயிற்சிக் கட்டணமும் அரசின் ஆணையும் சேர்ந்து ஒரு தனியார் பொருளுக்கு ஊர் ஊராக மெக்கானிக்குகளை உருவாக்கிக் கொடுத்தன. இந்தச் செலவை எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் விண்டோஸின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை.

*

விலை விஷயத்தில் நாம் நமக்கே சொல்லிக்கொள்கிற ஒரு பொய்யும் இருக்கிறது. கணினிக் கடையில் பில் போடுவதற்கு முன்னால் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “ஓரிஜினல் பாஹிஜே கா?” என்று கேட்பார். ஒரிஜினல் வேண்டுமா என்கிறார். வேண்டாம் என்றால் சும்மா போட்டுக் கொடுப்பார். சென்னை ரிச்சி தெருவிலும் இதே கேள்வி தமிழில் கேட்கும். விண்டோஸ் 11-இன் புரோ பதிப்புக்கு அமெரிக்காவில் பட்டியல் விலை 199 டாலர். ஹோம் 139 டாலர். சிறு பட்டறைக்காரர் லினக்ஸோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த விலையை அல்ல, ‘சும்மா போட்ட’ விண்டோஸின் விலையான பூஜ்யத்தை. இரண்டும் பூஜ்யம் என்றால் ஆள் இருக்கிற பக்கம்தானே சாய்வார்?

சட்டப்படி அந்தப் பூஜ்யத்துக்கு விலை இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். வழக்குக்குப் போகிறவை குறைவு. ஆனால் பெரிய வாகன நிறுவனங்கள் சப்ளையரைத் தணிக்கை செய்யும்போது மென்பொருள் உரிமத்தையும் கேட்கத் தொடங்கிவிட்டன. அங்கேதான் தளவடேயில் வயிற்றைக் கலக்குகிறது.

கிராக்கோடு சேர்ந்து வைரஸும் வரும். அதுவும் இந்த ஊரில் ஒரு தொழிலை வளர்த்திருக்கிறது. கால்குலேட்டர் ரிப்பேர் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்த கைலாஷ் கட்கர், தம்பி சஞ்சயோடு தொண்ணூறுகளில் புனேவில் தொடங்கியதுதான் குவிக் ஹீல். 2016-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. மராட்டியக் குடும்பத்து இரண்டு சகோதரர்கள் இப்படி வளர்ந்தது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் வருடா வருடம் கட்டும் ஆன்டிவைரஸ் சந்தாவும் விண்டோஸின் விலைதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

*

பட்டறையின் ஐந்தாவது கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மேசையில் இல்லை. செகண்ட்ஹேண்டாக வாங்கிய ஜெர்மன் விஎம்சியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. காலையில் மெயின் போட்டதும் திரையில் விண்டோஸ் எக்ஸ்பியின் நீலக் கோடு ஓடும். அப்புறம்தான் இயந்திரத்தின் திரை வரும். திரையின் விளிம்பில் கூலன்ட் எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் ஆபரேட்டர் ஒட்டிய விட்டல் சாமி படம். கீபோர்டில் ‘எம்’ எழுத்து தேய்ந்துபோய் மார்க்கரால் எழுதிவைத்திருக்கிறார்கள். இயந்திரத்துக்குக் கட்டளையிடும் எம் கோடு அடித்து அடித்துத் தேய்ந்த விசை.

எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரல் 8. இந்த இயந்திரத்துக்கு அது தெரியாது. ஓஎஸ்ஸை மாற்றினால் கட்டுப்பாட்டு மென்பொருள் ஓடாது. அதை மாற்றுவது என்றால் ஏறக்குறைய இயந்திரத்தையே மாற்றுவது. பல லட்ச ரூபாய் இரும்பு, 2001-ல் வெளிவந்த ஒரு மென்பொருளின் காலில் கட்டப்பட்டிருக்கிறது. சிவகாசி அச்சகங்களில் பேஜ்மேக்கர் 7.0-வை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், ஒருமுறை இங்கே வந்து பார்க்கலாம்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் தாக்கியபோது இந்தப் பயம் வெளியே வந்தது. ஓரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் ஆலையில்கூட உற்பத்தி பாதிக்கப்பட்டது. எக்ஸ்பிதான் காரணம் என்று எல்லோரும் பேசினார்கள். மைக்ரோசாஃப்டும் வழக்கத்துக்கு மாறாக, செத்துப்போன எக்ஸ்பிக்கு ஒரு திருத்தம் வெளியிட்டது. பிறகு கணக்கெடுத்துப் பார்த்தால் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7. அதற்கு அப்போதும் பாதுகாப்பு ஆதரவு இருந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே, இரண்டு மாதம் முன்பே, வந்துவிட்டது. போட ஆள் இல்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், உலகத்துக்கே சில்லு செய்து தரும் தைவானின் டிஎஸ்எம்சிக்கே இதே கதி. புதிதாக நிறுவிய ஒரு கருவியைச் சோதிக்காமல் வலைப்பின்னலில் இணைத்தார்கள். அதிலிருந்த வான்னாக்ரையின் ஒரு வடிவம் ஆலைக்குள் பரவியது. பணத்துக்கோ ஆதரவு ஒப்பந்தத்துக்கோ அங்கே குறைவில்லை.

*

சரி, லினக்ஸ் பக்கம் ஏன் ஆள் சேரவில்லை? முதல் பதில், கணக்கு எழுதும் டேலி. ஆடிட்டர் கேட்பது டேலி ஃபைல், அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. டிராயிங் போடும் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டும்தான். ஜிஎஸ்டி ஆஃப்லைன் கருவியும் விண்டோஸை நினைத்துச் செய்தது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு. ஆனால் அதை ஏற்றிக் காட்டுங்கள் என்று டோக்கன் விற்றவரிடம் கேட்டால், “விண்டோஸ் போட்டுக்குங்க சார்” என்பதுதான் பதில். மென்பொருள் இல்லாமல் இருப்பது ஒரு ரகம். இருக்கிறது, போட்டுத் தர ஆள் இல்லை என்பது இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தையும் முதல் ரகத்தில் சேர்த்துப் பேசித்தான் லினக்ஸ் வேலைக்கு ஆகாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம்.

அரசு செய்யவில்லையா? செய்தது, ஆனால் பொருளைச் செய்தது. 1988-ல் புனேவில் தொடங்கிய சி-டாக், 1991-ல் பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டரைக் கட்டிப் பெயர் வாங்கியது. அதே சி-டாக்கின் சென்னைப் பிரிவு 2007 ஜனவரியில் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு தமிழ் உட்பட இந்திய மொழிகளைச் சேர்த்த நல்ல வேலை. 2015-ல் மத்திய அரசு, தன் அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்று கொள்கையும் வகுத்தது. கொள்கை வந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. மாநகராட்சி வரை அது இறங்கவில்லை; நான் சொத்து வரி கட்டப் போகும் கவுன்டரில் இன்றுவரை விண்டோஸ்தான்.

தமிழ்நாட்டுக் கதை இன்னும் வேதனை. உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006-07 வாக்கில், அந்த நிறுவனத்தின் கணினிகளை சுசே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கும் கொண்டுபோகும் திட்டம் இருந்தது. அதிகாரி மாறினார், வேகமும் போயிற்று. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் வந்தன. இரண்டையும் கொடுத்து மாணவரே தேர்ந்தெடுக்கட்டும் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த வீடுகளில் நடந்தது வேறு. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது உறவுக்காரப் பையன்கள் கையில் அந்த மடிக்கணினியைப் பார்த்தேன். கடையில் கொடுத்துப் பாஸை அழித்து, அந்த இடத்தில் சினிமா ஏற்றியிருந்தார்கள். பையன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் ஆசிரியருக்கே அதைத் திறந்து காட்ட யாரும் சொல்லித்தரவில்லை.

கேரளம் வேறு வழியில் போனது. 2001-ல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம், சில ஆண்டுகளில் முழுக்க லினக்ஸுக்கு மாறியது. அவர்கள் முதலில் செய்தது ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பள்ளிக்குள்ளேயே ஓஎஸ் போட, பிரிண்டர் இணைக்க, பழுது பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் ஐடி ஒரு பாடம், அதுவும் கட்டற்ற மென்பொருளில். இப்போது அதை நடத்துவது கைட் என்ற நிறுவனம். ‘லிட்டில் கைட்ஸ்’ என்று 2018-ல் மாணவர் மன்றமும் தொடங்கி, பையன்களும் பெண்களுமே கணினிகளைப் பார்த்துக்கொள்ளப் பழக்கினார்கள். 2019-ல் இரண்டு லட்சம் கணினிகளுக்குப் புதிய பதிப்பு போட்டபோது, 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் அறிவித்தது.

அந்த 3,000 கோடியை நான் நம்பவில்லை. ஒரு கணினிக்கு ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மென்பொருள் வாங்க நேர்ந்திருக்கும் என்று வைத்து, இரண்டு லட்சத்தால் பெருக்கியிருக்கிறார்கள். எந்தப் பள்ளிக்கூடம் ஒன்றரை லட்சத்துக்கு மென்பொருள் வாங்கும்? தங்கம் வாங்காமல் இருந்ததால் இவ்வளவு மிச்சம் என்று சொல்கிற கணக்கு. ஆனால் கேரளம் சம்பாதித்தது வேறொன்று. பாலக்காட்டு அரசுப் பள்ளியில் கணினி நின்றால் திருவனந்தபுரத்துக்கு ஃபோன் போட வேண்டியதில்லை, பக்கத்து வகுப்பு டீச்சரே வருவார். ரூபாயில் எழுத முடியாததால் அறிக்கையில் அது தலைப்புக்கு வரவில்லை.

ஆள் இல்லாவிட்டால் ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தபோது, அப்போது மைக்ரோசாஃப்டின் தலைமை அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டு மேயரைப் பார்க்க ஓடினார். பத்து ஆண்டில் ஏறக்குறைய பதினைந்தாயிரம் கணினிகள் மாறின. நகராட்சி பணமும் மிச்சப்படுத்தியது. 2017-ல் மறுபடி விண்டோஸுக்கே போக மாமன்றம் தீர்மானித்தது. இதைக் காட்டி லினக்ஸ் தோற்றது என்பார்கள் ஒரு சாரார்; அரசியல் என்பார்கள் இன்னொரு சாரார். நகராட்சியின் ஐடி துறை பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்ததையும், புகார் சொன்ன ஊழியருக்கு உடனே பதில் சொல்ல ஆள் போதாததையும்தான் நான் முதல் காரணமாகப் பார்க்கிறேன். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-ல் முப்பதாயிரம் கணினிகளை மாற்றுவதாக அறிவித்திருக்கிறது. அவர்களாவது மியூனிக்கைப் பார்த்துப் பாடம் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

*

லினக்ஸ்காரர்கள் இதைப் படித்துவிட்டுக் கோபப்படுவதற்குள், அவர்கள் பக்கத்து மோசத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிற்சாலைச் சர்வர்களில் சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இருந்தது. இலவசம். ரெட் ஹேட்டின் கட்டண லினக்ஸுக்கு அச்சு அசல் நகல். எட்டாம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்றார்கள். 2020 டிசம்பர் 8 அன்று ஓர் அறிவிப்பு: 2021 டிசம்பர் 31-உடன் முடிகிறது. ஏழு ஆண்டுக்கு மேலான ஆதரவு ஒரே நாளில் காணாமல் போயிற்று. ஒரு வருடத்துக்குள் எல்லாவற்றையும் வேறு வீட்டுக்குக் குடி மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மூலநிரல் திறந்திருந்ததால் ஆல்மாலினக்ஸ், ராக்கிலினக்ஸ் என்று இரண்டு பேர் சில மாதங்களிலேயே அதே பொருளைச் செய்து கொடுத்தார்கள். விண்டோஸ் 10-இன் மூலநிரலை எடுத்து அதே பொருளைச் செய்து கொடுக்க மைக்ரோசாஃப்டைத் தவிர உலகத்தில் யாருக்கும் உரிமையில்லை.

மேக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2013-லிருந்து இயங்குதளம் இலவசம். விலை முழுவதும் பெட்டியில். இன்டெல் மேக்குகளுக்கு 2025-ல் வந்ததே கடைசிப் பதிப்பு. தளவடேயில் மேக் வைத்திருக்கிற பட்டறை ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

ஆதரவு என்பதற்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்குப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மேல் தடை விதித்ததும், மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. நயாரா பணம் பாக்கி வைக்கவில்லை. இந்தியச் சட்டம் எதையும் மீறவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு சேவை திரும்பியது. அவ்வளவு பெரிய ஆலைக்கே இந்த நிலை. இதற்குப் பிறகு சுதேசி மென்பொருள் பேச்சு டெல்லியில் சூடுபிடித்தது. மத்திய அரசு ஊழியர்கள் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் நம் ஸோஹோவுக்கு மாறிவிட்டது என்ற செய்தியும் வந்தது. பாதுகாப்பு அமைச்சகம் 2023-லேயே உபுண்டு அடிப்படையிலான மாயா ஓஎஸ்ஸை எடுத்துக்கொண்டிருந்தது.

இந்தச் சூட்டில் இன்னொரு தேசிய ஓஎஸ் செய்யலாம் என்று யாராவது கிளம்பிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. ஓஎஸ் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. இல்லாதது மெக்கானிக். நாடு முழுக்க ஐடிஐக்களில் கோபா என்று ஒரு கணினிப் பிரிவு நடக்கிறது. இங்கே மோர்வாடியில் மாநகராட்சியே ஐடிஐ வைத்திருக்கிறது. அங்கே படிக்கிற பையன் வெளியே வரும்போது, டேலி இருக்கும் விண்டோஸையும் ஷாப் ஃப்ளோரின் லினக்ஸையும் ஒரே லேனில் பேசவைக்கத் தெரிந்தவனாக வரட்டும். தமிழ்நாட்டில் நான் முதல்வன் திட்டத்தில் இதைச் சேர்ப்பது பெரிய செலவில்லை. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்கின்றன. 2012-லிருந்து ‘கணியம்’ தமிழிலேயே எழுதிக் குவித்திருக்கிறது. பாடப்புத்தகம் தேடி அலைய வேண்டியதில்லை. அரசு அலுவலகம் மென்பொருள் டெண்டர் விடும்போது, வட்டத் தலைநகருக்கு ஒருவர் என்று உள்ளூர்ச் சேவையாளருக்குக் கூலி ஒதுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால், அடுத்த ஆண்டே கடைப் பலகைகளில் ‘லினக்ஸ் சர்வீஸ்’ என்று எழுதித் தொங்கும். காசு வருகிற வேலையை நம் ஊர்ப் பையன்கள் கற்றுக்கொள்ளாமல் இருந்ததே இல்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வரை உட்கார்ந்தோம். டேலி கணினிக்குப் பதில் விண்டோஸ் 11 உரிமத்தோடு வந்த பழைய மாடல் ஒன்றை வாங்குவது என்று முடிவானது. டிராயிங் பார்க்கவும் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதவும் இருந்த கணினியில் அன்றைக்கே மின்ட் போட்டோம். விட்டல் பக்தரான ஆபரேட்டர் பத்து நிமிடத்தில் பழகிவிட்டார். மெஷினுக்குச் சீரியல் கேபிளில் புரோகிராம் அனுப்புகிற கணினியிலும் மின்ட்தான். ஆனால் அனுப்பும் மென்பொருள் ஒத்துவர நாலு மணி நேரம் பிடித்தது. எக்ஸ்பி பெட்டியின் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி ஆணியில் மாட்டினோம்.

இதையெல்லாம் செய்தது நான் இல்லை. லாத்தூரிலிருந்து வந்து நிக்டி பஸ் நிலையம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு பையன். கல்லூரி லேபில் லினக்ஸ் பழகியவன், இப்போது சிசிடிவி மாட்டிப் பிழைக்கிறான். சீரியல் போர்ட்டைத் திறக்கப் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடித்தபோது அவனுக்கே சிரிப்பு வந்தது. ஒரு விசிட்டுக்கு 300 ரூபாய் என்றான். நண்பர் ஆயிரம் கொடுத்தார். போகும்போது, “ராத் கோ பீ போன் கரோ, அண்ணா” என்றான், ராத்திரியிலும் போன் பண்ணச் சொல்லி. தென்னிந்தியர் எல்லோரும் இங்கே அண்ணாதான்.

நண்பர் அவன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மானிட்டரில் ஒட்டி, கூலன்ட் படாமல் இருக்க மேலே செலோ டேப்பும் போட்டார்.